ஓலையைக் கேட்கப் போன ஞாயிறு

1

போன வாரம் குளிர் கோட்டைச் சலவைக்குப் போட எடுத்தேன். உள்பையில் ஒரு மியூசிய டிக்கெட் இருந்தது. அதைச் சுற்றி ஒரு மஞ்சள் நூல். ஒரு வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறது.

என் மனைவி சரோஜா இந்த நாட்டுக்கு வந்து இந்த மாதத்தோடு பதினைந்து வருஷம். நான் வந்து பதினெட்டு. காரைக்கால் கோவில்பத்தில் வாசகசாலைக்கு மலர் போடுகிறார்கள் என்று சரோஜாவின் அண்ணன், என் மச்சான், எழுதியிருந்தார். பிரான்சு வாழ்க்கையைப் பற்றி நாலு பக்கம் வேண்டுமாம். ஈபிள் கோபுரம், பனி, இதெல்லாம் எழுதுங்கள் என்றிருந்தார்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். ஈபிள் கோபுரத்தில் ஏறியதில்லை. பனியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. விழும், அள்ளிப் போடுவோம். அதனால் இந்த டிக்கெட்டைப் பற்றி எழுதுகிறேன். மச்சானும் இதில் வருவார். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

2

எங்கள் அப்பா காரைக்கால் மேரியில் பியூன். மேரி என்றால் நகராட்சிக் கட்டிடம். வெள்ளைக்காரன் போன பிறகு, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்கிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். அதற்குக் கெடு வைத்திருந்தார்கள். அப்பா கடைசி வாரத்தில் போய்க் கையெழுத்துப் போட்டார். சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். கை கால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார்.

"இன்னையிலேர்ந்து நாமள்லாம் பிரெஞ்சுக்காரங்க" என்றார்.

"அப்ப ரசம் ஊத்தவா, வேணாமா?" என்று அம்மா கேட்டாள்.

அவ்வளவுதான் பேச்சு. அப்போது எனக்குப் பதிமூன்று வயது. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை.

பத்தொன்பது வயதில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்கு வந்தேன். அது முடிந்ததும் பாரிசுக்கு வெளியே ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. இன்றுவரை அதே வேலைதான். விடியற்காலையில் போவேன். படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வரும். பெரிய உருளை மெஷின் ஒன்று சூட்டில் அவற்றை அழுத்தி வெளியே தள்ளும். நான் அந்தப் பக்கம் நின்று வாங்கி மடிப்பேன். மெஷின் சத்தத்தில் யாரும் பேச முடியாது. எனக்கு அது ஒத்துப்போனது.

சரோஜா இரண்டு வீடுகளில் இஸ்திரி போடுகிறாள். எங்களுக்கு ஒரே பெண். பெயர் செல்வி. பள்ளிக்கூடத்தில் சில்வி என்று கூப்பிடுகிறார்கள். முதலில் திருத்தினாள். பிறகு விட்டுவிட்டாள்.

எங்கள் வீட்டில் பேப்பர் வேலை எல்லாம் செல்விதான். எட்டு வயதிலிருந்தே. எனக்குப் பிரெஞ்சு பேச வரும், எழுத வராது. சரோஜாவுக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். வாடகைப் படிவம், வைத்தியப் படிவம், வரிப் படிவம் எது வந்தாலும் செல்வி முன்னால் போய் விழும். "பப்பா, பாட்டி பேரு என்ன? பொறந்த தேதி?" என்பாள். எங்கள் அம்மா பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் நான் ஒவ்வொரு தேதி சொல்வேன். ஒருநாள் ஆபீஸில் இருந்து கடிதம் வந்தது. உங்கள் தாயார் நான்கு முறை பிறந்திருக்கிறார், எது சரி என்று தெரிவிக்கவும் என்ற பொருளில். செல்வி படித்துவிட்டுச் சிரித்தாள். நாங்கள் பயந்து போயிருந்தோம்.

3

போன வருஷம் மாசி மாதம் செல்வி முடியை வெட்டிக்கொண்டாள். அப்போது அவளுக்கு வயது பதிமூன்று. பின்னல் இடுப்பு வரை இருந்தது. காது வரைக்கும் வெட்டிவிட்டாள். கேட்கவில்லை. வெட்டிய பின்னலை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் குளியலறை அலமாரியில் வைத்திருந்தாள். சரோஜா துடைக்கும்போது கையில் கிடைத்தது.

அன்றைக்கு வீட்டில் சத்தம் எதுவும் இல்லை. சரோஜா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வேலையிலிருந்து வந்ததும், "பாருங்க" என்று நீட்டினாள். பார்த்தேன்.

"ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

"வளந்துடும்" என்றேன்.

"முடிய சொல்லலங்க நான்."

அவள் எதைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். தமிழில் கேட்டால் செல்வி பிரெஞ்சில் பதில் சொல்கிறாள். பொங்கலுக்குக் காரைக்கால்காரர்கள் எல்லாரும் ஒரு கூடத்தை எடுத்துக் கூடுவோம். அந்த வருஷம் அவள் வரவில்லை. தலைவலி என்றாள்.

நாலு நாள் கழித்து சரோஜா பேச்சை எடுத்தாள். செல்வியை ஊருக்கு அனுப்பிவிடலாம். கோவில்பத்தில் அண்ணன் வீடு இருக்கிறது. அண்ணன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். ஜூனில் சேர்த்துவிடலாம். பதினெட்டு வரை அங்கே இருக்கட்டும். அண்ணிக்கும் பெண் குழந்தை இல்லை.

"வளர வேண்டிய எடத்துல வளரட்டும்ங்க. இங்க நம்மளால முடியல."

எனக்கு அனுப்ப மனசில்லை. அதைச் சொல்ல வரவில்லை. சொன்னால் ஏன் என்பாள். சாயங்காலம் நான் உள்ளே நுழையும்போது செல்வி மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பாள், தலையைத் தூக்காமல் "பப்பா, காலு" என்பாள். நான் செருப்பைத் துடைத்துவிட்டு உள்ளே வருவேன். இதை ஒரு காரணம் என்று எப்படிச் சொல்வது?

சரோஜா மேரிக்குப் போய்ப் படிவம் வாங்கி வந்துவிட்டாள். இங்கேயும் அதற்கு மேரி என்றுதான் பெயர். பதினெட்டு ஆகாத பிள்ளை தனியாக நாட்டை விட்டுப் போக அப்பா சம்மதம் கொடுக்கும் படிவம். அப்பா கையெழுத்து இல்லாமல் செல்லாது. கூடவே இந்தியாவுக்கு விசாப் படிவம். காரைக்கால்காரர் பெண் காரைக்காலுக்குப் போக விசா வேண்டும்.

இரண்டையும் யார் நிரப்பினது? செல்விதான். அம்மா முன்னால் வைத்தாள், அவள் எடுத்து எழுதினாள். பயணம் போகிறவர் பெயர், பிறந்த இடம், திரும்பும் தேதி என்று எல்லாம். திரும்பும் தேதிக்கு நேராக ஒரு கோடு போட்டாள். என் கையெழுத்துக்கு இருந்த கட்டத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, "இங்க பப்பா" என்றாள். பாடப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள்.

படிவம் ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. பேனா இல்லை, கண்ணாடி இல்லை, ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன் என்று தள்ளினேன். மூன்று ஞாயிறு போனது.

"சரி," என்றாள் சரோஜா. "நீங்களும் சொல்ல மாட்டேங்கிறீங்க. நானா முடிவு பண்ணவும் பயமா இருக்கு. ஏட்டக் கேட்டுடுவோம்."

4

சரோஜா காரைக்காலை அடுத்த கோட்டுச்சேரிப் பெண். நிலம் வைத்துப் பயிரிடுகிற வீடு. அந்த வீட்டுச் சாமி அறையில் ஒரு ஓலைச்சுவடிக் கட்டு இருந்தது. தேவாரம் என்று சொல்வார்கள். யாரும் முழுசாகப் பிரித்து வாசித்ததில்லை. ஆனால் பெரிய காரியம் எதுவானாலும் அதைக் கேட்காமல் செய்ய மாட்டார்கள்.

கேட்கிற முறை இப்படி. மூன்று நாள் கவுச்சி கூடாது. அன்று காலையில் குளித்து, வீட்டுப் பெண் குழந்தை ஒன்று கண்ணை மூடிக்கொண்டு மஞ்சள் நூலைக் கட்டுக்குள் விடும். நூல் எந்த ஓலையில் நிற்கிறதோ அந்த ஓலையை எடுத்து வீட்டு ஆண்பிள்ளை ஒருவர் படிப்பார். கேட்கிறவர் படிக்கக் கூடாது. படித்தது எதுவோ அதுதான் உத்தரவு. பிறகு அதை யாரும் மீற மாட்டார்கள்.

எங்கள் கல்யாணமே அப்படி முடிவானதுதான். நான் பட்டாளத்திலிருந்து லீவில் போயிருந்தேன். பெண் பார்த்தார்கள். பிடித்திருந்தது. ஆனால் சரோஜாவின் அம்மாவுக்கு மனசில்லை. கடல் தாண்டி அனுப்பிவிட்டு எப்போது பார்ப்பது என்று அழுதார்களாம். அப்பா இல்லாத பெண். சித்தப்பாதான் பொறுப்பு. ஏட்டைக் கேட்போம் என்றார். சரோஜாவின் தங்கை நூலை விட்டாள். சித்தப்பா ஓலையை எடுத்துப் படித்தார். கடல் கடந்து போனாலும் ஏற்றிய விளக்கு அணையாது என்று வந்தது.

சரோஜா இதை எனக்கு ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பாள்.

"எங்க சித்தப்பா ஓலைய எடுத்தாங்க பாருங்க, கண்ணாடிகூடப் போடல. கடகடன்னு படிச்சிட்டாங்க. அம்மா உடனே கண்ணத் தொடச்சிக்கிட்டு சரின்னுட்டாங்க."

இப்போதும் அப்படிக் கேட்டு எழுதச் சொல்லி அண்ணனுக்குக் கடிதம் போட்டாள். அங்கேயே பக்கத்து வீட்டுக் குழந்தையை விட்டு நூல் போட்டு, நீங்களே படித்து, வந்ததை அப்படியே எழுதவும் என்று.

பதில் வர மூன்று வாரம் ஆனது. சரோஜா நின்றுகொண்டே படித்தாள். பிறகு என்னிடம் கொடுத்தாள். மச்சான் எழுதியிருந்தார்: கோட்டுச்சேரி வீட்டைப் பிரித்துக் கட்டியபோது ஏட்டுக்கட்டை எடுத்துப் பார்த்தோம். செல்லரித்து மாவாகக் கொட்டியது. குப்பையில் போட மனம் வரவில்லை. பதினெட்டாம் பெருக்கு அன்று அரசலாற்றில் விட்டுவிட்டோம். உனக்கு எழுதினால் வருத்தப்படுவாய் என்று எழுதவில்லை.

"எட்டு வருஷமாச்சாம்" என்றாள் சரோஜா. "நான் இங்கேர்ந்து தெனம் அதப் பாத்துக் கும்புட்டுக்கிட்டு இருக்கேன்."

5

அந்த வாரமே செல்வி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். பாரிசில் ஒரு மியூசியத்தில் கண்காட்சி. உலகத்தின் பழைய மதச் சுவடிகள். மாணவர்கள் பெற்றோருடன் போய்ப் பார்க்கலாம். தாளின் மேல் படம் போட்டிருந்தார்கள். தோல் புத்தகம் ஒன்று, தங்க எழுத்துக் குர்ஆன் ஒன்று, கீழே ஒரு ஓலைச்சுவடி.

சரோஜா அந்தத் தாளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"அது கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கும்" என்றேன்.

"இருக்கட்டும்."

"நூல எப்புடி உள்ள விடுவ?"

யோசித்தாள். "படத்துல பாருங்க, பிரிச்சுத்தான் வச்சிருக்கான். நூல கண்ணாடி மேல வச்சா போதும். நூலுக்குக் கீழ எந்த வரி வருதோ அதான். நீங்க படிச்சுச் சொல்லுங்க."

"நான் என்னத்தப் படிக்கிறது?"

"ஏன், தமிழ்தான?"

நான் பழைய ஓலை எழுத்தைப் படித்தவன் இல்லை. அதையும் சொல்லவில்லை.

நாள் குறிக்க ஆரம்பித்தாள். காரைக்காலிலிருந்து வந்த பஞ்சாங்கம் வீட்டில் இருக்கிறது. செவ்வாய் நல்ல நாளாக இருந்தது, ஆனால் மியூசியம் மூடியிருக்கும். எனக்கு ஓய்வு ஞாயிறு மட்டும். ஞாயிறு ராகுகாலம் நாலரை முதல் ஆறு. இதில் ஒரு சிக்கல். அது எந்த ஊர் நாலரை? ஊரில் நாலரை அடிக்கும்போது இங்கே மதியம் ஒரு மணி.

"ராகு எந்தக் கடியாரத்தப் பாப்பாரு?" என்று கேட்டேன்.

"சிரிக்காதீங்க. ரெண்டும் வேணாம். காலையில பத்து மணிக்குத் தொறந்ததும் உள்ள போயி ஒரு மணிக்குள்ள முடிச்சிடுவோம்."

அடுத்தது செருப்பு. ஏடு இருக்கிற இடத்தில் செருப்புடன் நிற்கலாமா? மியூசியத்துக்குப் போன் செய்து கேட்கச் சொன்னாள். செல்வி முடியாது என்றாள். சரோஜா விடவில்லை. செல்வி போனை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி ஏதோ பேசினாள். வைத்தாள். "வேணாமாம். போட்டுக்கிட்டே வரலாமாம்" என்றாள். அவள் பேசும்போது எதிர்முனையில் ஆள் இருந்தாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

பிறகு கவுச்சி. வெள்ளிக்கிழமையிலிருந்து வீட்டில் மீன் இல்லை. பள்ளிக்கூடச் சாப்பாட்டிலும் இறைச்சி தொடக் கூடாது என்று செல்விக்குச் சொன்னாள். நூல் வைப்பது அவள்தானே, வீட்டில் வேறு பெண் குழந்தை ஏது? ஏன் தொடக் கூடாது என்று செல்வி கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ரொட்டியும் உருளைக்கிழங்கும் மட்டும் சாப்பிட்டதாகச் சொன்னாள். எல்லாம் அவளுக்குத் தெரியும் என்று எனக்கு அப்போது பட்டது. எங்கள் வீட்டுச் சுவர் அட்டை மாதிரி, பேசுவதெல்லாம் கேட்கும்.

6

நான் ஒரு முடிவு செய்தேன். ஓலையில் எது இருந்தாலும் நான் ஒன்றைத்தான் படிப்பேன். கேட்கிறவள் படிக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டுச் சட்டம். போதாததற்கு சரோஜாவுக்குக் கிட்டப்பார்வை. நான் சொல்வதுதான் ஏடு.

ஆனால் ஏடு மாதிரிச் சொல்ல வேண்டும். சாதாரணப் பேச்சாக இருந்தால் நம்ப மாட்டாள். மெஷின் முன்னால் நின்று நாலு நாள் யோசித்தேன். விரிப்புகளை மடித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தேன்.

எதிர்ப்பக்கம் நிற்பவர் காதர் பாய். காரைக்கால் டவுன்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மெஷினை எண்ணெய் போட நிறுத்தியபோது கேட்டார்.

"என்ன தம்பி, நாலு நாளா மெஷினுக்கு மந்திரம் ஓதுற?"

சொன்னேன். அவரிடம் சொல்ல வந்தது. மெஷினுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளிடம் சொல்வது சுலபம்.

"எங்க, அந்த வரியச் சொல்லு பாப்போம்."

"பெற்றவளோடு பிள்ளை இருக்கும் இடமே கோயில்."

"நல்லாத்தான் இருக்கு. பழசு மாதிரியும் இருக்கு." பாய் கையைத் துடைத்துக்கொண்டார். "ஏன் தம்பி, இத இட்டுக்கட்ட நாலு நாளு ஆச்சு. அனுப்ப மாட்டேன்னு சொல்ல நாலு நொடி ஆவுமா?"

"வரல பாய்."

"ஒனக்கு வாயி எதுக்கு வச்சான், பீடி குடிக்கவா? மதப் புஸ்தகத்து மேல பொய் சொல்லப் போற. எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் கேக்கவே இல்ல."

மெஷின் ஓட ஆரம்பித்தது.

7

ஞாயிற்றுக்கிழமை. சரோஜா பட்டுப்புடவை கட்டி மேலே குளிர் கோட்டுப் போட்டாள். பையில் புளிச்சோறு, தண்ணீர், சின்ன டப்பாவில் மஞ்சள் நூல். செல்வி நாங்கள் கேட்காமலே நெற்றியில் பொட்டு வைத்திருந்தாள். ரயிலில் எங்களோடு உட்காராமல் எதிர் ஜன்னலில் உட்கார்ந்தாள்.

பத்து மணிக்குப் போனோம். வரிசை இருந்தது. உள்ளே போகப் பத்தரை ஆனது. முதல் கூடத்தில் தோல் புத்தகங்கள். சரோஜா ஒவ்வொரு பெட்டி முன்னாலும் நின்று கும்பிட்டாள்.

"இது யாரு சாமிடி?"

"யூதர்களோடது மா."

"சரி. இது?"

"இது குர்ஆன்."

"காதர் அண்ணனுக்குச் சொல்லணும்" என்று அதையும் கும்பிட்டாள். சுற்றி இருந்தவர்கள் பார்த்தார்கள். செல்வி நாலடி முன்னால் நடந்தாள்.

மூன்றாவது கூடம் இருட்டாக இருந்தது. ஓலை கெட்டுவிடும் என்று விளக்கைக் குறைத்திருந்தார்கள். வாசலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நீளமான பெட்டியில் நீள நீளமாக ஓலைகள். துளை, கயிறு, மேல் பலகை. பதினேழு வருஷத்துக்குப் பிறகு ஓலையைப் பார்க்கிறேன். வேறு எந்த நாட்டில் ஓலையில் எழுதியிருக்கப் போகிறான் என்று நினைத்தேன். நேராக முதல் பெட்டிக்குப் போனேன்.

சரோஜா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டாள். காவலுக்கு நின்ற அம்மா ஓடி வந்து என்னவோ கேட்டாள். செல்வி பதில் சொன்னாள். என்ன சொன்னாளோ, அந்த அம்மா செருப்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போனாள்.

சரோஜா டப்பாவைத் திறந்தாள்.

"கண்ண மூடிக்க. மனசுல ஒண்ணும் நெனைக்காத. இத கண்ணாடி மேல வை."

செல்வி கண்ணை மூடினாள். நூலை வாங்கினாள். வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். கண்ணைத் திறக்கவில்லை.

"படிங்க" என்றாள் சரோஜா. அவளும் கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டாள்.

குனிந்தேன். கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது. அதற்குக் கீழே பொடிப் பொடியாக எழுத்து. நான் எழுத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய வேலை எனக்கு இல்லை. கொஞ்ச நேரம் உதட்டை அசைத்தேன். பிறகு சொன்னேன்.

"பெற்றவளோடு பிள்ளை இருக்கும் இடமே கோயில்."

சரோஜா அசையவில்லை. "இன்னொரு தரம் படிங்க" என்றாள்.

"பிள்ளையோடு பெற்றவள் இருக்கும் இடமே..." என்று ஆரம்பித்துவிட்டேன். மாறிவிட்டது. நிறுத்தினேன். "கோயில்" என்று முடித்தேன்.

செல்வி கண்ணைத் திறந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பவும் அட்டையைப் பார்த்தாள்.

"பப்பா," என்றாள். "இது நம்மளோடது இல்ல. பர்மான்னு போட்டிருக்கு. புத்தர் சாமி ஓலை."

நான் அப்போதுதான் எழுத்தைப் பார்த்தேன். எல்லாம் வட்டம் வட்டமாக, முத்துக் கோத்த மாதிரி. ஒரு எழுத்துகூடத் தமிழ் இல்லை.

அவள் சும்மா இருந்திருக்கலாம். நான் படித்தது அவளுக்குச் சாதகமாகத்தான் இருந்தது. ஏன் சொன்னாள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

சரோஜா கண்ணைத் திறந்து பெட்டிக்கு அருகில் போனாள். மூக்கு கண்ணாடியில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"பர்மாக்காரன் தமிழ்ல எழுதி வச்சிருக்கானா?" என்றாள்.

நான் அந்த வட்ட எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தன நாளா மனப்பாடம் பண்ணீங்க?"

"நாலு நாள்."

"இவள அனுப்ப ஒங்களுக்கு மனசில்ல."

"இல்ல."

"அத வாயத் தொறந்து சொன்னா என்ன? ஃபிரிட்ஜு மேல அந்தப் பேப்பரு ரெண்டு மாசமாக் கெடக்கு. நான் ஒருத்தியாக் கெடந்து சாவுறேன், அப்பன்காரனுக்கு என்ன மனசுன்னு தெரியாம. ஏட்டக் கேப்போம்னு ஏன் சொன்னேன்? நீங்க சொல்ல மாட்டேங்கிறீங்கன்னுதான்."

சத்தமாகவே சொன்னாள். அந்தக் கூடத்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. காவல்கார அம்மா மறுபடி வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கண்ணாடி மேல் கிடந்த நூலை எடுத்து, உங்களுடையதா என்று செல்வியிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

செல்வி அதை வாங்கிக்கொண்டு நின்றாள். பிறகு கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி ஒவ்வொரு அட்டையாகப் படித்தாள். கடைசிப் பெட்டி முன்னால் நின்று கூப்பிட்டாள்.

"மா, இதான் நம்மளோடது. தஞ்சாவூர்ப் பக்கம்னு போட்டிருக்கு. என்ன பாட்டுன்னு பிரெஞ்சுல இருக்கு. படிக்கவா?"

மணி பதினொன்று. இரண்டு ராகுகாலத்துக்கும் வெளியே. கவுச்சி இல்லை. நூல் இருக்கிறது, பெண் குழந்தை இருக்கிறாள். சரோஜா போய் நின்றாள். நான் பின்னால் நின்றேன். அந்த ஓலை பர்மா ஓலையைவிடக் கறுத்துச் சின்னதாக இருந்தது. ஒரு ஓரம் செல்லரித்திருந்தது.

அவள் ரொம்ப நேரம் கும்பிட்டாள்.

"படிக்கவா மா?" என்று செல்வி மறுபடி கேட்டாள்.

"வேணாம்டி. கேக்க வேண்டியதக் கேட்டாச்சு. நீ கும்புட்டுக்க."

செல்வி கும்பிட்டாள். அந்த அட்டையில் என்ன எழுதியிருந்தது என்று எங்கள் மூன்று பேரில் அவளுக்கு மட்டும் தெரியும்.

8

வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டோம். மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. ஊர்க் கணக்கில் ராகுகாலம். சரோஜா கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் சொல்லவில்லை. செல்வி நூலை டிக்கெட்டில் சுற்றி, "பப்பா, வச்சிக்க" என்று என் கையில் கொடுத்தாள். உள்பையில் போட்டேன்.

ரயிலில் எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணனுக்கு நான் எழுதிடுறேன், இவ வரலன்னு" என்றாள் சரோஜா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

செல்வி ஜன்னலிலிருந்து திரும்பவில்லை. "முகவரி நான் எழுதுறேன். நீ பின்கோடு தப்பாப் போடுற" என்றாள். தமிழில்தான் சொன்னாள். அதனால் எல்லாம் மாறிவிட்டது என்று எழுத மாட்டேன். மறுநாள் பிரெஞ்சுதான். முடியை இப்போதும் காது வரைதான் வைத்திருக்கிறாள். பொங்கலுக்கு இந்த வருஷம் வந்தாள், பாதியில் கிளம்பிவிட்டாள்.

படிவம் ரொம்ப நாள் ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்தது. பிறகு காணவில்லை. யார் எடுத்தது என்று நான் விசாரிக்கவில்லை.

அன்றைக்கு இறங்க இரண்டு ஸ்டேஷன் இருக்கும்போது சரோஜா திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க."

"ம்."

"சித்தப்பாவுக்கு அப்பவே கிட்டத்து எழுத்து தெரியாதுங்க. பஞ்சாங்கம் பாக்கணும்னாக்கூட கண்ணாடியத் தேடுவாங்க. எங்கள விட்டுத் தேடச் சொல்லுவாங்க."

நான் அவளைப் பார்த்தேன்.

"அன்னைக்குக் கண்ணாடி போடலங்க" என்றாள்.

ரயில் ஒரு பாலத்தின் மேல் போய்க்கொண்டிருந்தது. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கோட்டுக் கையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, ஸ்டேஷன் வரும் வரை சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செல்வி என்ன என்ன என்று கேட்டாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சித்தப்பா இறந்து நாலு வருஷம் ஆகிறது. இருந்திருந்தால் இதை மலருக்கு எழுதியிருக்க மாட்டேன். அவரும் ரெண்டு மூணு நாள் எங்காவது வயல் வரப்பில் நின்று அந்த வரியைச் சொல்லிப் பார்த்திருப்பார். கடல் கடந்து போனாலும் ஏற்றிய விளக்கு அணையாது. என் வரியைவிட அது நன்றாகத்தான் இருந்தது.

"மச்சானுக்கு எழுதிக் கேக்கவா?" என்றேன்.

"வேணாம்" என்று சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எறங்குங்க, ஸ்டேஷன் வந்துடுச்சு."